பாட வந்தவர் பொறுப்பில் ஒரு கப்பல்

உல்லாசக் கப்பலில் கிட்டார் வாசிப்பவருக்கு வாசிப்பதைத் தவிர வேறென்ன வேலை?

ஓஷியானோஸ் கப்பலில் 1991 ஆகஸ்ட் 3 வரை வேறில்லை. தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டனிலிருந்து டர்பனுக்குப் புயலில் கிளம்பிய கப்பல் அது. இரவில் எஞ்சின் நின்றது, விளக்கு அணைந்தது. கழிப்பறைக் கோப்பை, கைகழுவும் தொட்டி, ஷவர் வழியாகவெல்லாம் கடல் உள்ளே ஏறியது. கழிவுநீர்க் குழாயில் ஒரு வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை! பலர் இன்னும் உள்ளே இருக்க, மறுநாள் கேப்டன் ஹெலிகாப்டரில் கம்பி நீட்டினார். கிட்டாரை மீட்டிய மாஸ் ஹில்ஸ் பயணிகளை மீட்டார்.

கப்பலைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

ஆளில்லாத கட்டுப்பாட்டு அறையில் ரேடியோவை எடுத்து உதவி கேட்கத் தெரிந்தது. என்ன பதவி என்று கேட்டவரிடம் கிட்டார் வாசிப்பவன் என்று உண்மையைச் சொல்லத் தெரிந்தது. மனைவி டிரேசி, மேஜிக் காட்ட வந்த ஜூலியன் பட்லர் ஆகியோரோடு நின்று, சரிந்த தளத்தில் பயணிகளுக்குப் பட்டை மாட்டி ஹெலிகாப்டருக்கு அனுப்பத் தெரிந்தது. கடைசி ஆட்களில் ஒருவராகக் கிளம்பவும் தெரிந்தது. கேப்டனுக்கு இதில் எது தெரிந்திருந்தது?

கேப்டன் என்னதான் சொன்னார்?

வெளியிலிருந்து மீட்புப் பணியை ஒருங்கிணைக்கப் போனாராம். உள்ளிருந்தே அதைச் செய்தவர் பாட்டுக்காரர்!

மூழ்கியது எத்தனை பேர்?

கப்பல் மட்டும். அதிலிருந்த 571 பேரும் பிழைத்தார்கள். தென்னாப்பிரிக்க ஹெலிகாப்டர் விமானிகளுக்கும், கடற்படை முக்குளிப்பு வீரர்களுக்கும், படகுகளில் தத்தளித்தவர்களை ஏற்றிக்கொண்ட கப்பல்களுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு.