எண்ணூரில் பாராட்ட நிறைய இருக்கிறது

நிலக்கரி கொண்டுவருவதில் நம் மின்வாரியத்தின் திறமையைப் பாராட்டத்தான் வேண்டும். ஒடிசாவின் தால்சேரில் வெட்டிய கரி ரயிலேறிப் பாரதீப் போகிறது. அங்கே கப்பலேறி, புயல்களுக்குப் பேர்போன கடலைத் தாண்டி எண்ணூரில் இறங்குகிறது. பிறகு கன்வேயர் பெல்ட்டில் ஊர்ந்து வடசென்னை அனல்மின் நிலையத்துக்கு வந்து சேர்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். ஊர் முழுக்க விளக்கு எரிவது இந்த உழைப்பால்தான். இதைச் சாதிக்கிற பொறியாளர்கள் மீது எனக்கு உண்மையான மதிப்பு உண்டு. அதனால்தான், அதே கரியின் சாம்பல் சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு ஒழுகாமல் போய்ச் சேரவில்லை என்றால், அவர்களுக்குச் செய்யத் தெரியவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. தெரிந்தவர்கள்தான்.

நம் நாட்டுக் கரியில் 30 முதல் 40 விழுக்காடு வரை சாம்பல். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் தள்ளுகிறார்கள். துருவேறிய குழாய் பிய்த்துக்கொண்டால் அத்தனையும் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில். இருளர் குடும்பங்கள் பறியைப் பல்லில் கடித்தபடி, தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடிக்கும் இடம் அது. மீனவர் ஊரான காட்டுக்குப்பத்தின் படகுகள் தரைதட்டுவதும் அங்கேதான். கசிவு செய்தியில் வந்துவிட்டால் ஒட்டுப்போட ஆள் வருகிறார்கள், வேலையும் சுத்தமாகத்தான் செய்கிறார்கள். அடுத்த கசிவு வேறோர் இணைப்பில்.

நம் சட்டங்களையும் பாராட்ட வேண்டும். 1974ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். மாசு கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி ஆலைக்குள் நுழையலாம், கழிவுநீர் மாதிரி எடுக்கலாம். 1988இல் சேர்த்த 33ஏ பிரிவின்படி ஆலையை மூடச் சொல்லலாம். அதற்குப் போகும் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தச் சொல்லலாம். கிண்டியில் தலைமையகம், ஆய்வுக்கூடங்கள், நன்கு படித்த விஞ்ஞானிகள் என்று வாரியத்துக்கு எல்லாமே இருக்கிறது. சாம்பலுக்கென்றே ஒன்றிய அரசு 1999இல் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. 2003, 2009, 2016 ஆண்டுகளில் அதைத் திருத்தினார்கள், 2021இல் புதிதாக இன்னொன்றும் வந்தது. சாம்பலை வீணாகக் கொட்டக் கூடாது, செங்கல்லுக்கும் சிமென்ட்டுக்கும் சாலைக்கும் பயன்படுத்தியாக வேண்டும் என்பதே நோக்கம். நல்ல நோக்கம். கெடுதான் தள்ளிக்கொண்டே போயிற்று.

இப்போது, இந்தக் கழிமுகத்தைப் பார்த்துப் பதிவுசெய்ய வரும் மாணவர்களிடம் வருகிறேன். சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்து அத்திப்பட்டு புதுநகரில் இறங்கும் இந்தப் பிள்ளைகளிடம் எந்தப் பிரிவின் அதிகாரமும் கிடையாது. சுற்றுச்சூழல் அமைப்புகளோடு சேர்ந்து, விடுமுறை நாளில், சொந்தக் காசில் வருகிறார்கள். செப்பாக்கத்து அடிபம்புத் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். நூற்றுக்கணக்கான பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையை உட்கார்ந்து படித்து, கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன்னால் மீனவர்களுக்குத் தமிழில் விளக்குகிறார்கள். அந்த அறிக்கையைப் புரிகிற மொழியில் கொடுத்திருக்க வேண்டியது யார் வேலை?

ஒரு மாணவி ஆற்றுக்குள் இறங்கி நின்றுகொண்டு மூங்கில் கழியை அடியில் ஊன்றி அழுத்தினாள். முதலில் மாவில் இறங்குவதுபோல வழுக்கிக்கொண்டு இறங்கியது. அப்புறம் இறுகப் பிடித்துக்கொண்டது. வெளியே இழுத்தபோது கழி நெடுக வெளிறிய சாம்பல் பூச்சு. நுனியில் மட்டும் கருஞ்சேறு. படகில் இருந்த மீனவர் குனிந்து அந்த நுனியைத் தொட்டுக் காட்டினார்: “இந்தக் கறுப்புதாம்மா எங்க ஆறு. மேல இருக்கறதெல்லாம் கம்பெனியோடது.” அவள் சாம்பலும் சேறும் சந்திக்கும் இடத்தில் ஒரு நூலைக் கட்டி, பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படமெடுத்தாள். பாட்டிலில் தண்ணீர் பிடித்துத் தேதி, நேரம், இடம் எழுதி ஒட்டினாள். அவ்வளவு பொறுப்பு. காலில் காய்ந்த சாம்பல் வெடித்து உதிர்ந்துகொண்டிருந்தது, அதை அவள் தட்டிவிடக்கூட இல்லை.

அந்த பாட்டிலுக்குச் சட்டத்தின் முன் மதிப்பில்லை என்பதுதான் மனத்தை அறுக்கிறது. அதே தண்ணீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவு கேட்கும் மாதிரி வேறு. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அதிகாரி எடுக்க வேண்டும், ஆலைக்காரருக்கு அங்கேயே அறிவிப்புக் கொடுக்க வேண்டும், இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். நியாயமான நடைமுறை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதைச் செய்ய உரிமை பெற்றவர் ஆற்றுப் பக்கம் வராதபோது, வந்து நிற்பவளின் கையில் இருப்பது வெறும் பாட்டில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து இதே கழிமுகத்தை மூடியபோதும், மீனவர்கள் மக்கில் எண்ணெயை அள்ளியதை நாடே பார்த்தது. அவர்களின் துணிச்சலை அப்போது எல்லோரும் பாராட்டினோம். சரியான பாராட்டுதான். ஆனால் அள்ளும் கருவிகளோடு முதலில் வந்திருக்க வேண்டியவர்கள் அவர்கள் அல்லர்.

இந்த மாணவர்களுக்குச் சான்றிதழ், கேடயம், பொன்னாடை எதுவும் வேண்டியதில்லை. 21ஆம் பிரிவு சொல்கிற அதிகாரி ஒருவர், இரண்டு குப்பிகளும் முத்திரையுமாக அவர்களோடு ஆற்றில் இறங்கினால் போதும். ஏற்றிக்கொண்டு போகக் காட்டுக்குப்பத்தில் படகுகள் இருக்கின்றன.