குடைச்சலுக்கு இந்தியில் என்ன?

டில்லிக்கு வந்து 28 வருஷமாகிறது. ஆட்டோவில் பேரம் பேச, காய்கறி வண்டிக்காரரிடம் கொசுறாகக் கொத்தமல்லி கேட்க, பக்கத்து வீட்டுக்காரரோடு பார்க்கிங் சண்டை போட, எல்லாவற்றுக்கும் போதுமான இந்தி என்னிடம் இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். பிசியோதெரபி மேஜையில் குப்புறப் படுத்த அன்று அந்த நினைப்பு போயிற்று.

“தர்த் கைசா ஹை, அங்கிள்?” என்று கேட்டார் பிசியோதெரபிஸ்ட். ரோத்தக் பக்கத்துப் பெண். என் மகன் வயதுதான் இருக்கும்.

எப்படி வலிக்கிறது? காலையில் எழுந்தால் பிடிப்பு. மெட்ரோவில் நின்றால் கடுப்பு. ராஜீவ் சௌக்கில் கூட்டம் முட்டித் தள்ளி இறக்கிவிடும்போது சுரீர். சாயங்காலம் உளைச்சல். ராத்திரி ரஜாய்க்குள் புகுந்த பிறகு, எலும்புக்குள் யாரோ திருப்புளி போட்டுத் திருகுகிற மாதிரி குடைச்சல். அத்தனையையும் மனசுக்குள் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு, “பஹுத் தர்த் ஹை” என்றேன்.

“பத்துக்கு எத்தனை மார்க்?”

ஆடிட் துறையில் தலை நரைத்தவன் நான். வவுச்சர் இல்லாமல் ஓர் எண்ணைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பக்கத்தில் நின்ற மனைவி, “எட்டுன்னு சொல்லுங்கோ, அப்பத்தான் கவனிப்பா” என்று தமிழில் கிசுகிசுத்தாள். பட்ஜெட் தந்திரம்தான். எட்டு கேட்டால் ஐந்தாவது சாங்ஷன் ஆகும். எட்டு என்றேன். உடற்பயிற்சியையெல்லாம் நிறுத்திவிட்டு வெந்நீர் ஒத்தடத்தோடு அனுப்பிவிட்டார். அடுத்த முறை வீறாப்பாக ‘இரண்டு’ என்றேன். எல்லாவற்றையும் மூன்று மூன்று தடவை செய்ய வைத்தார். அன்றிலிருந்து உண்மையே பேசி வருகிறேன்.

எம்.ஆர்.ஐ. படத்தில் எல்-4, எல்-5 தட்டுகள் தேய்ந்திருப்பதாகப் போட்டிருந்தது. டில்லியில் அதைச் சொன்னால் யாரும் பதறுவதில்லை. ஏதோ காலனி பிளாக் நம்பர் போல, “எனக்கும் அதே எல்-4, எல்-5தான்” என்று கை குலுக்குகிறார்கள். பிசியோதெரபிஸ்டும் அசரவில்லை. வலியே தெரியாத ஐம்பது வயதுக்காரர்களைப் படம் எடுத்தாலும் 80 சதவீதம் பேருக்குத் தேய்மானம் தெரியுமாம். “படத்துக்கு வைத்தியம் பார்க்க முடியாது, அங்கிள். எழுந்து நடங்கள்.” மூன்று மாதம் தாண்டிய வலியை நாள்பட்ட வலி என்பார்கள். என்னுடையதற்கு நாலு வயசு. ஸ்கூலில் சேர்த்திருக்கலாம்.

வீட்டுப் பாடத்தில் முதலாவது, பூனை-ஒட்டகம். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, முதுகை ஒரு தரம் மேலே வளைக்க வேண்டும், ஒரு தரம் கீழே தொய்ய விட வேண்டும். ஜனவரிக் காலையில், குல்லாயும் மப்ளருமாக நான் ஒட்டகக் கட்டத்தில் இருந்தபோது வேலைக்கார அம்மா உள்ளே வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். துடைப்பத்தை வைத்துவிட்டுத் தானும் குனிந்து சோபாவுக்கு அடியில் தேட ஆரம்பித்தார். “என்ன தொலைந்துபோச்சு, சாப்?”

தொலைந்தது போன நவம்பரில், ஒரு நல்ல நாளில். காலையில் எழுந்தால் வலியே இல்லை. நம் ஊரில் நல்ல நாள் பார்த்துத்தானே எல்லாம் செய்வோம்? ஆர்.கே.புரம் மலை மந்திருக்குப் போய் சுவாமிநாதனைப் பார்க்க ஒரே மூச்சில் படியேறினேன். திரும்பும் வழியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய், வாழைப்பூ, ஆறு தேங்காய். வீட்டுக்கு வந்து, கையோடு பரண் மேலிருந்து ரஜாய்ப் பெட்டியையும் இறக்கினேன். மறுநாள் என்னைக் கட்டிலிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

“வலிக்கிற நாளில் எல்லாரும் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறார்கள்” என்றார் பிசியோதெரபிஸ்ட். “உங்களைக் கெடுப்பது நல்ல நாள்தான். வலித்தாலும் வலிக்காவிட்டாலும் தினம் இருபது நிமிஷ நடை. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.” இந்த நாலு வருஷத்தில் கேட்ட யோசனைகளில் தேறியது இதுதான். மாடிவீட்டு பஞ்சாபி அங்கிளின் மஞ்சள் பால் பழுதில்லை, ஆனால் அது இடுப்புவரை இறங்குவதில்லை.

என் மனைவியின் வைத்தியம் அமிர்தாஞ்சன். 1893-இல் பம்பாயில் பிறந்து, 1914-இல் மெட்ராஸுக்குக் குடிபெயர்ந்த அதுவும் என்னைப் போல ஊர் மாறிய ஜீவன்தான். தேய்த்தால் ஏன் இதமாக இருக்கிறது என்பதற்கு ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இருவர் 1965-இல் ஒரு விளக்கம் சொன்னார்கள். வலிச் செய்தி மூளைக்குப் போகிற வழியில், முதுகுத்தண்டில் ஒரு வாசல் இருக்கிறது. தேய்க்கிற உணர்ச்சி கும்பலாக வந்து சேர்ந்தால் அந்த வாசல் பாதி சாத்திக்கொள்ளும். ராஜீவ் சௌக்கில் இறங்குகிற கூட்டம் ஏறுகிறவனை உள்ளே விடாத கதைதான்.

அதே மெல்சாக், மாண்ட்ரியால் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி, 1975-இல் இன்னொரு காரியம் செய்தார். வலியை எண்ணால் மட்டும் கேட்டால் போதாது என்று, அதற்கான 78 சொற்களை 20 கூட்டமாகப் பிரித்து ஒரு கேள்வித்தாள் போட்டார். அதில் துளைக்கிற வலி உண்டு, துடிக்கிற வலி உண்டு, கொறிக்கிற வலியும் உண்டு. படித்தபோது எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தது. அவள் முழங்காலைக் கையில் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் நாற்பது சொல்லாவது தேறும். எழுதிக்கொள்ளத்தான் ஆளில்லை.

அடுத்த தடவை பிசியோதெரபிஸ்ட் மார்க் கேட்டபோது, குடைச்சலுக்கும் உளைச்சலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கையைக் காலை ஆட்டி விளக்கினேன். ஃபைலில் இந்தி எழுத்தில் குறித்துக்கொண்டார். குடைச்சல் என்றால் ஒத்தடம். உளைச்சல் என்றால் நடை.

போன வாரம் உள்ளே நுழைந்ததுமே கேட்டார்: “குடைச்சலா, உளைச்சலா, அங்கிள்?”

திகைத்துப் போனேன். அந்த ‘ள’ அத்தனை சுத்தம். டில்லி இந்தியில் இல்லாத அந்த எழுத்து ஹரியாணாப் பேச்சில் உண்டாம். டில்லியிலேயே பிறந்து வளர்ந்த என் மகனுக்கு அது இன்னும் ‘உலைச்சல்’தான்.

“உளைச்சல்” என்றேன்.

“எத்தனை?”

“மூணு.”

மூன்று விரலைக் காட்டியதால் புரிந்துகொண்டார். நடக்கச் சொன்னார்.