புது ஆட்டக்காரர் மேடேறுதல்: பட்டிப்பொலயில் வைத்துச் செய்த ஓர் ஆய்வு

வெளிநாட்டுக் கழகம் ஒன்று பெருந்தொகை கொடுத்து வாங்கிய உதைபந்தாட்ட வீரர், போய்ச் சேர்ந்த முதல் சில மாதங்கள் ஏன் சொதப்புகிறார்? தொலைக்காட்சியில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கும் முன்னாள் வீரர்கள், "அவர் பழகுவதற்குக் காலம் கொடுக்க வேண்டும்" என்று ஒரே குரலில் சொல்லிவிடுகிறார்கள். எவ்வளவு காலம், எந்த உயரத்தில், நாளொன்றுக்கு எத்தனை பிளேன்டியோடு என்பதை ஒருவரும் சொல்வதில்லை. அறிவுலகின் இந்த ஓட்டையை அடைக்கவே இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது. நிதியுதவி எவரும் செய்யவில்லை. கேட்டிருந்தாலும் செய்திருக்க மாட்டார்கள்.

ஆய்வுக்களம் பட்டிப்பொல. இலங்கையின் ஆக உயரமான ரயில் நிலையம் இங்கேதான் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேல், ஏறக்குறைய 1,890 மீற்றர். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். தண்ணீர் 94 பாகை வாக்கிலேயே கொதித்துவிடும். எனவே இங்கே "கொதிக்கக் கொதிக்க" என்று கேட்டு வாங்கும் தேநீரிலும் ஆறு பாகை குறைவு. காற்று இலேசாக இருப்பதால் உதைத்த பந்து கூடுதல் தூரம் போகும், வளைவது குறையும். கடலோரத்தில் பழகிய ஒருவர் தடுப்புச் சுவருக்கு மேலால் வளைத்து அடிப்பதாக நினைத்து அடிக்கும் பந்து, வளையாமல் நேரே போய் லீக்ஸ் பாத்தியில் விழுவதற்குப் பௌதிகவியல் காரணம் இருக்கிறது. பாத்திக்காரர் அந்தக் காரணத்தை ஏற்பதில்லை.

சட்டப்படியும் களம் சுத்தம். 2007 மே மாதம் 2,500 மீற்றருக்கு மேல் சர்வதேச ஆட்டம் கூடாது என்று ஃபீஃபா தடை போட்டது. பொலிவியா கொதித்தது (அங்கே எத்தனை பாகையில் என்று கணக்கிடவில்லை). மறு ஆண்டே தடை கிடப்பில் போடப்பட்டது. 2009 ஏப்ரலில், மரடோனா பயிற்றுவித்த ஆர்ஜென்டினா, மெஸ்ஸியையும் வைத்துக்கொண்டு, பொலிவியாவின் 3,600 மீற்றர் உயரத்து லா பாஸ் நகரில் 6-1 என்று தோற்று இறங்கியது. பட்டிப்பொல அந்தத் தடைக்கோட்டுக்கு 600 மீற்றர் கீழே. ஆகவே மெஸ்ஸி இங்கே வந்து ஆடுவதில் ஆட்சேபனை இல்லை. கம்பளி மட்டும் அவரே கொண்டுவர வேண்டும்.

அடுத்து வரலாறு. இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் கோட்டை விட்டது இந்த இடத்தில்தான். 1893இல் இங்கிலாந்து உதைபந்தாட்ட லீக் ஒரு விதி கொண்டுவந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் வீரரின் பதிவு பழைய கழகத்தின் கையில்தான் இருக்கும். அது கேட்கும் தொகையைக் கட்டாமல் இன்னொரு கழகம் அவரைத் தொட முடியாது. அதே 1893இல்தான் நானுஓயாவிலிருந்து அப்புத்தளை வரை ரயில் பாதை நீண்டு, பட்டிப்பொல வழியே வண்டி ஓடத் தொடங்கியது. தற்செயல் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் அந்த வண்டி ஏறிவந்த மலைத் தோட்டங்களில், இங்கிலாந்துக்காரர் அப்போதுதான் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்த ஏற்பாடு துண்டு என்ற பெயரில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

இந்தியாவிலிருந்து ஆள் கட்டிவந்த கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் பழைய துரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார்: இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விட்டுவிடுகிறேன். புதுத் துரை அதைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். மாற்றுத்தொகை, விடுவிப்பு விதி, பதிவுரிமை என்று இன்று வழக்கறிஞர்கள் நாற்பது பக்கத்துக்கு எழுதும் ஒப்பந்தம் இதிலே ஒரு வரியில் அடங்கிவிட்டது. முகவருக்குக் கழிவு உண்டா என்றால், உண்டு. வேலைக்கு இறங்கும் ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு போகும். மருத்துவப் பரிசோதனைக்கு இந்தியக் கரையில் மண்டபம் முகாம். அங்கே தடுப்பூசி, குளியல், சில நாள் அடைத்துவைத்தல் எல்லாம் முடிந்த பிறகே கப்பல். சட்டை இலக்கம்கூட உண்டு. 1904இல் திருச்சிராப்பள்ளியில் அலுவலகம் திறந்த இலங்கைத் தொழிலாளர் ஆணைக்குழுவின் காலத்தில், ஆள் போய்ச் சேர வேண்டிய தோட்டத்தின் இலக்கத்தைத் தகர வில்லையில் பொறித்துக் கழுத்தில் தொங்கவிட்டார்கள். முதுகில் எழுதும் வழக்கம் பின்னால் வந்தது.

ஒரேயொரு வித்தியாசத்தை நேர்மையுள்ள ஆய்வாளன் மறைக்கக்கூடாது. வீரரை வாங்கிய தொகை கழகத்தின் செலவுக் கணக்கில் ஏறுகிறது. தோட்டத்தில் அது வாங்கப்பட்டவன் தலையிலேயே ஏறியது. வழிச்செலவு கடன், அரிசி கடன், குளிருக்குக் கொடுத்த கறுப்புக் கம்பளியும் கடன். 1921இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். இங்கிலாந்தில் ஜோர்ஜ் ஈஸ்ட்ஹாம் நியூகாசில் கழகத்தை நீதிமன்றத்துக்கு இழுத்து அந்தப் பழைய விதியை ஆட்டங்காண வைத்தது 1963இல். ஒப்பந்தம் முடிந்த ஆளுக்குத் தொகையே கேட்கக்கூடாது என்று பெல்ஜியத்துப் பொஸ்மனுக்கு ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1995இல். ஆக, சட்டப் புத்தகத்தில் நாங்கள் ஈஸ்ட்ஹாமுக்கு 42 ஆண்டு முந்தி. சம்பளத்தில் அப்படிச் சொல்ல முடியாது. தோட்டத்தில் நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை 2015இல் எழுந்து வர்த்தமானியில் ஏறுவதற்கு 2021 ஆகிவிட்டது.

இனிப் பழகுதல் என்னும் மையப் பொருள். தரவுகளை வசதிக்கேற்பத் தேர்ந்தெடுத்துள்ளேன்.

தியரி ஹென்றி 1999இல் ஆர்சனலுக்கு வந்தார். முதல் எட்டு ஆட்டங்களில் ஒரு கோலும் இல்லை. பருவம் முடிவதற்குள் 26. பத்ரிஸ் எவ்ரா 2006 ஜனவரியில் மன்செஸ்டர் யுனைட்டெட்டுக்காக முதன்முதலாக இறங்கினார். எதிரே உள்ளூர்ப் பங்காளியான சிட்டி. இடைவேளையோடு அவரை வெளியே எடுத்துவிட்டார்கள், ஆட்டம் 3-1 என்று தோல்வி. கொழுந்து நிறுவையில் கிலோ தேறாதவருக்குத் தோட்டத்தில் அரைப்பேர் போடுவார்கள், பாதி நாட்சம்பளம். எவ்ராவுக்கு அன்று விழுந்தது சுத்தமான அரைப்பேர். அதே ஆள் பிறகு அந்தக் கழகத்தோடு ஐந்து லீக் பட்டம் வென்றார். முதல்நாள் நிறுவையை வைத்து ஆளை எடைபோடாதே என்பது எந்தக் கிழவிக்கும் தெரியும், கணக்கப்பிள்ளைக்குத் தெரியாது.

மறுபக்கம், அதே யுனைட்டெட் வாங்கிய வெரோன். 2001இல் 2 கோடியே 81 இலட்சம் பவுண், அன்று பிரித்தானியாவில் அதுவே ஆக உயர்ந்த விலை. இரண்டே ஆண்டில் ஏறக்குறையப் பாதி விலைக்குச் செல்சிக்குத் தள்ளிவிட்டார்கள். 1936இல் கல்கத்தாவிலிருந்து கிளாஸ்கோவுக்குப் போன முகமது சலீம் செல்டிக் கழகத்துக்காக இரண்டு ஆட்டம் ஆடினார், காலில் துணிக்கட்டு மட்டும், சப்பாத்து இல்லை. ஸ்கொட்லாந்துக்காரர் வாயைப் பிளந்தார்கள், இருங்கள் என்று கெஞ்சினார்கள். அவருக்கு ஊர் நினைப்பு வந்துவிட்டது, கப்பலேறிவிட்டார். திறமை போதாததால் திரும்பியவரல்ல அவர். அணியில் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய மொழியில் கதைக்க ஓர் ஆள் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்பது என் துணிபு.

துணிபுக்கு ஆதாரம் கோயம்புத்தூரில் இருக்கிறது. 2018-19 ஐ-லீக் கிண்ணத்தைச் சென்னை சிட்டி கழகம் அங்கே வைத்து வென்றது. ஸ்பெயினில் ஆடிவிட்டு வந்த பெத்ரோ மன்சி அந்தப் பருவத்தில் 21 கோல் போட்டார். அவர் பழகுவதற்கு நேரமே எடுக்கவில்லை என்பது முதலில் என் கருதுகோளுக்கு இடைஞ்சலாகத்தான் இருந்தது. பிறகு பார்த்தால் சன்ட்ரோ, நெஸ்டர், எஸ்லாவா என்று ஸ்பானிய மொழி பேசும் இன்னும் மூன்று பேர் அதே அணியில். கங்காணி ஒரே ஊரில், ஒரே உறவில் ஆள் கட்டியதும் இதே கணக்குத்தான்: மாமனும் மச்சானும் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருந்தால் புதியவன் ஓடமாட்டான். கங்காணி அதை அன்பினால் செய்யவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. பட்டிப்பொலவுக்கு முந்திய நிலையமான அம்பேவெலயில் ஜுவெண்டஸ் சட்டை போட்டதுபோல் கறுப்பும் வெள்ளையுமாக நிற்கும் ஃப்ரீசியன் பசுக்கள் குளிர்நாட்டு இனம். இலங்கை கண்ட வெளிநாட்டு ஒப்பந்தங்களில் ஆக வெற்றிகரமானவை அவையே. தீனி, கொட்டகை, இனத்தார் எல்லாம் தயாராக இருந்த பிறகுதான் பால் கேட்டார்கள்.

எதிர்த்திசைப் பயணமும் உண்டு. இலங்கை அணித் தலைவராக இருந்த பந்துக்காப்பாளர் சுஜான் பெரேரா மாலைதீவுக் கழகங்களுக்கு ஆடியவர். உலகிலேயே ஆகத் தாழ்ந்த நாடு அது. நிலத்தின் சராசரி உயரம் மூன்று மீற்றர்கூட வராது. அங்கே கம்பளி தேவையில்லை என்பதால் இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே போகிறது.

கடைசியாகக் களப்பணி. பட்டிப்பொலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பொங்கலை ஒட்டி, அதன் மேற்பிரிவான மேல்கணக்குக்கும் கீழ்ப்பிரிவான கீழ்கணக்குக்கும் ஆறுபேர் ஆட்டம் நடப்பதுண்டு. ஒருமுறை மேல்கணக்கில் ஆள் குறைந்தது. கொழும்பில் கடைக்கு நிற்கும் பையன்களுக்கு லீவு கிடைக்கவில்லை. மரக்கறி லொறியில் கையாளாக வந்த மட்டக்களப்புப் பையன் ஒருவன் பந்து ஆடுவான் என்று தெரியவந்தது. லொறி பழுதாகி நின்றதில் அவனும் நின்றுவிட்டான். உதைபந்தாட்ட வரலாற்றில் இதைவிட மலிவான ஒப்பந்தம் இருக்க முடியாது.

முதல்நாள் வந்து நின்ற கோலம்: மெல்லிய பார்சலோனா சட்டை, அரைக் களிசான், இரண்டு கையும் கக்கத்துக்குள். யாரோ ஒருவரின் பூட்ஸ், இரண்டு அளவு பெரிது. முனையில் பழைய பத்திரிகையைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். "இந்தக் குளிருக்குள்ள எப்பிடியண்ணே ஓடுற?" என்றான். அணி நிர்வாகி, பகலில் தோட்டத்துக்கு மருந்தடிப்பவர், "மொதல்ல இத குடிங்க தம்பி, ஓடுறத பொறகு பாத்துக்கலாம்" என்று இஞ்சி போட்ட பிளேன்டியை நீட்டினார். பையன் கோப்பையைக் குடிக்கவில்லை, கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

முதல் தண்ட உதை லீக்ஸ் பாத்திக்குப் போனது. மேலே சொன்ன பௌதிகவியல். இரண்டாவதும் போனது. பிறகு மூடுபனி இறங்கியது. மைதானத்தின் நடுவில் நின்று, "கோல் எந்தப் பக்கம்?" என்று கேட்டான். கேலிக்குக் கேட்கவில்லை. கீழ்கணக்கு 3-0. லயத்து வாசலில் அன்றிரவு நடந்த விமர்சனத்தில், "நல்லாத்தான் வாங்கினீங்க ஆளு" என்ற வசனம் பல குரல்களில் பதிவாகியுள்ளது.

இரவு அவனை அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். வீட்டுக்காரப் பாட்டி தன் கம்பளியைப் போர்த்தினார், விலை சொல்லாமல். விடிய, சூடான ரொட்டியும் கட்டச் சம்பலும். புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வீட்டில் காட்டக் கைபேசியில் படம் பிடித்தான். இரண்டாம் ஆட்டத்தில் பந்தை உயர்த்தவே இல்லை. தரையோடு தரையாகப் பள்ளத்துப் பக்கம் உருட்டி, அதன் பின்னாலேயே ஓடி இரண்டு கோல். ஆய்வு முடிவு: பழகும் காலம் ஓர் இரவு, தேவைப்பட்ட கருவிகள் ஒரு கம்பளி, ஒரு பாட்டி.

பிரச்சினை அதற்குப் பிறகு வந்தது. அடுத்த ஞாயிறு பக்கத்துத் தோட்டத்தோடு ஆடுவதற்குப் பையனைத் தாருங்கள் என்று கீழ்கணக்குக்காரர் கேட்டார்கள். மேல்கணக்கு நிர்வாகி சீஆர் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுத ஆரம்பித்தார். பூட்ஸ் வாடகை, இரண்டு நேரச் சாப்பாடு, லீக்ஸ் பாத்திக்குக் கட்டிய நட்டம். "இந்தக் காச குடுத்துட்டு ஆள கூட்டிக்கிட்டுப் போங்க." கீழ்கணக்குக்காரர் பாத்திக் காசைக் கொடுக்க மறுத்தார்கள், பந்து அடித்தபோது அவன் உங்கள் ஆள் என்றார்கள். ரொட்டிக்குக் காசா என்று பாட்டி உள்ளேயிருந்து சத்தம் போட்டார். பேரம் முக்கால் மணிநேரம் நடந்து, பாத்திக் காசில் பாதி என்று ஒருவாறு படிந்தது. ஆளைக் கூப்பிடப் போன பொடியன் தனியாகத் திரும்பி வந்தான். லொறி சரியாகிவிட்டதாம். பையன் போய்விட்டான், பூட்ஸோடு, கம்பளியோடு.