பழம் இல்லாத வாழைப்பழ காமெடி

கேள்வி: இரண்டு தவணை நிவாரணத்தில் ஒன்றுதான் வந்தது என்கிறார் விவசாயி. 'அந்த இன்னொன்றுதான்யா இது' என்கிறார் அதிகாரி. இந்த கார்ட்டூன் கவுண்டமணி–செந்தில் காமெடிதானே? 'வாழைப்பழமே வரையலையே, தற்செயல்தான்' என்கிறார் நண்பர்.
– வாசகர், காடாம்புலியூர்

பதில்: அந்த வாழைப்பழ காமெடி இடம்பெற்ற 'கரகாட்டக்காரன்' படம் வந்தது 1989-ல். கங்கை அமரன் இயக்கம், காமெடி எழுதியவர் ஏ. வீரப்பன். அதைப் பார்க்காமல் தமிழ்நாட்டில் ஒருவர் கார்ட்டூன் போடுகிறார் என்றால், முதல் தவணை நிவாரணத்தை அவருக்குத்தான் கொடுக்க வேண்டும்!

நண்பர் பழத்தைத் தேடுகிறார். பழம் சாட்சியே இல்லை சார். வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுவதெல்லாம் ஊமைப்பட காலத்துச் சரக்கு. அதில் செந்திலுக்குப் பங்கு கிடையாது. இங்கே கணக்குதான் சாட்சி. வர வேண்டியது இரண்டு, வந்தது ஒன்று, வராததும் இதுவேதான் என்று கூசாமல் சாதிப்பது. இந்த மூன்றும் அதே வரிசையில் தற்செயலாக வந்து உட்காராது. பழத்துக்குப் பதில் உங்கள் பண்ருட்டிப் பலாவை வரைந்திருந்தாலும் இதே தீர்ப்புதான்.

தெரிந்தேதான் செய்திருக்கிறார். ஒரே ஒரு மாற்றம்: சினிமாவில் பழத்தைத் தின்றவர் உதை வாங்கினார், கார்ட்டூனில் கேட்டவர் வாங்குகிறார்.