லிங்க் ராடு அண்ணன்

கள்ளிக்குப்பத்தில் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார். அம்பத்தூர் எஸ்டேட்டிலோ பாடியிலோ ஒரு கம்பெனியில் காலம் தள்ளி ரிட்டயர் ஆனவர். வாசலில் பழைய ஸ்விஃப்ட். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. "லிங்க் ராடு அண்ணன்" என்றால் தண்ணி கேன் போடும் பையன்கூட வீட்டைக் காட்டுவான்.

செங்குன்றம் சாலையை நாம் கண்ணால் பார்த்து ஓட்டுகிறோம், அண்ணன் காதால் ஓட்டுகிறார். ஸ்பீட் பிரேக்கர் வந்தால் கண்ணாடியை இறக்குவார், எஃப்.எம்.மை அணைப்பார், பேசிக்கொண்டிருக்கும் அண்ணியையும் கையமர்த்துவார். பிறகு இடது சக்கரம் மட்டும் முதலில் ஏறும்படி வண்டியைக் கோணலாக விடுவார். காரணம் இருக்கிறது. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்காமல் சேர்ந்து எழும்பிவிடும். ஒரு பக்கம் மட்டும் ஏறினால்தான் பார் முறுக்கும். அதோடு இணைந்த லிங்க் ராடில் தேய்ந்த பால் ஜாயின்ட் 'டொக்' என்று தன்னைக் காட்டிக்கொடுக்கும். பின்னால் வரும் தண்ணி லாரிக்காரருக்கு இந்த விஞ்ஞானம் தெரியாது. அண்ணனின் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போவார்.

ஆனால் ஆள் விஷயம் தெரிந்தவர், அதை மறுக்க முடியாது. சஸ்பென்ஷன் ஆர்மின் ரப்பர் புஷ் மாற்றும்போது, சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கியதும் உள்ளே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரமே கிழியும். வண்டி தன் எடையில் தரையில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு. மெக்கானிக் ஷெட் பையன் இதை மறந்துவிடுவானோ என்று டீயைக்கூட காருக்குப் பக்கத்தில் நின்றபடியே குடிப்பார்.

அதோடு விட்டிருக்கலாம். "ரேஸ் வண்டில போடறது தம்பி" என்று பாலியூரித்தேன் புஷ்ஷுக்குத் தாவினார். எஸ்டேட்டில் தெரிந்த லேத்தில், கூடவே நின்று அளவு சொல்லிக் கடைந்து வாங்கியது. ஸ்டீயரிங் கெட்டியானது, திருப்பத்தில் வண்டி அலையவில்லை. ஆனால் ரப்பர் இத்தனை நாள் வாய்மூடி விழுங்கிய அதிர்வெல்லாம் இப்போது நேராக இடுப்புக்கு வருகிறது. கிரீஸ் காய்ந்தால் கிரீச் கிரீச் வேறு. தினமும் அம்பத்தூர் ஓ.டி. போய்க் கீரையும் பால் பாக்கெட்டும் வாங்கி வரும் வண்டிக்கு எதற்கு ரேஸ் புஷ் என்று கேட்டால், "கண்ட்ரோல்" என்பார். அண்ணி இப்போதெல்லாம் ஷேர் ஆட்டோவில் போகிறார். அதில் சத்தம் கம்மியாம்.

தன் வண்டியில் கேட்க ஒன்றும் மிச்சமில்லாத நாளில் ஊரார் வண்டி. போன முகூர்த்தத்துக்குப் பூந்தமல்லி போகக் கால் டாக்ஸியில் ஏறியவர், அம்பத்தூர் தாண்டுவதற்குள் டிரைவரின் தோளைத் தட்டினார்.

"தம்பி, பின்னாடி லெஃப்ட் சைடு புஷ் போயிருக்கு. கேக்குதா?"

"அது டிக்கில ஜாக்கி உருளுது சார்."

"சரிப்பா. ஜாக்கி ஏன் உருளுது? புஷ் போனதால."