ஒற்றை எஸ்ஸின் அதிகாரம்

ஆங்கிலத்தில் எழுவாயும் வினையும் ஒத்துப்போக வேண்டும் என்ற பாடம் எந்த இலக்கணப் புத்தகத்திலும் கணக்குப் பாடத்தின் மிடுக்கோடுதான் தொடங்குகிறது. எழுவாய் ஒன்றா, வினையும் ஒருமை. பலவா, வினையும் பன்மை. விரல்விட்டு எண்ணத் தெரிந்தால் போதும் என்று நம்பி உள்ளே போகிறவரை அடுத்த பக்கத்திலேயே விதிவிலக்குகள் வரிசைகட்டி நின்று வரவேற்கின்றன. வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்களைக் கேளுங்கள், ‘ஸ்பாட்டிங் எரர்ஸ்’ பகுதியில் உயிரை வாங்குவது எது என்று சொல்வார்கள். என் கட்சி இதுதான்: அங்கே நடப்பது கணக்கே அல்ல, சம்பிரதாயம். சம்பிரதாயத்தைக் கணக்கென்று சொல்லிக் கொடுத்தால் படிப்பவன் தன் மூளையைத்தான் சந்தேகிப்பான்.

கணக்கு என்றால் கணக்காகவே பார்த்துவிடுவோம். ‘மோர் தேன் ஒன்’ என்றால் குறைந்தது இரண்டு. ஆனால் ‘மோர் தேன் ஒன் ஸ்டூடண்ட் ஹேஸ் ஃபெயில்ட்’ என்று ஒருமையில்தான் எழுத வேண்டும். ‘ஃபியூவர் தேன் டூ ஸ்டூடண்ட்ஸ்’ என்றால் அதிகம் போனால் ஒரே ஒரு மாணவன். அவனுக்கோ ‘ஹேவ்’ என்று பன்மை. ஒருவருமே ஃபெயிலாகாத வகுப்பிலும் ‘ஸீரோ ஸ்டூடண்ட்ஸ்’ பன்மைதான். இல்லாதவர்கள் கூட்டமாக இல்லாமல் இருக்கிறார்கள் போலும். ஒரே கத்தரிக்கோல் பன்மை, ஒரே பேன்ட் பன்மை. எஸ்ஸில் முடியும் ‘நியூஸ்’ ஒருமை, எஸ்ஸே இல்லாத ‘போலீஸ்’ பன்மை. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ‘ஐ’. உலகத்தில் என்னைவிட ஒருமையான ஆள் யார்? ஆனாலும் ‘ஹி கோஸ்’ என்று அவனுக்குக் கிடைக்கும் எஸ் எனக்குக் கிடையாது. கூட்டத்தோடு கூட்டமாக ‘கோ’ என்றுதான் நான் போக வேண்டும். பெயர்ச்சொல்லின் வாலில் ஒட்டினால் பன்மையாக்குகிற அதே எழுத்து, வினையின் வாலில் ஒட்டினால் ஒருமையைக் காட்டுகிறது. இதைக் கணக்கு என்று சொன்னால் ராமானுஜனின் ஆவி மன்னிக்காது.

இப்படி ஆனதற்குக் காரணம் வரலாறு. பழைய ஆங்கிலத்தில் நான், நீ, அவன் மூன்றுக்கும் நிகழ்கால வினை தனித்தனி விகுதி பெற்றது, பன்மைக்கு இன்னொன்று. நூற்றாண்டுகள் உருள உருள அவை தேய்ந்தன. கடைசியில் படர்க்கை ஒருமைக்கு மட்டும் வடக்கத்தி எஸ்ஸும் தெற்கத்தி ‘எத்’தும் போட்டியிட்டன. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிள் ‘எத்’ பக்கம் நின்றது. ஷேக்ஸ்பியர் இரண்டையும் கலந்து எழுதினார். எஸ் ஜெயித்தது. ‘கேன்’, ‘மஸ்ட்’, ‘மே’ போன்றவை அன்றும் சரி இன்றும் சரி, இந்த வாலை ஒட்டிக்கொள்ளவே இல்லை. இங்கிலாந்தின் நார்ஃபோக் பக்கத்து வட்டாரப் பேச்சில் இன்றும் ‘ஹி கோ’ உண்டு. சொத்தையெல்லாம் விற்றுத் தீர்த்த ஜமீன் வீட்டில் ஒரே ஒரு வெள்ளிக் கூஜா மிஞ்சினால், வருகிறவர்களெல்லாம் அதைப் பார்த்துத்தான் குடும்பத்தை மதிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். ஆங்கில வினையின் எஸ் அந்தக் கூஜாதான்.

பொருள் தெளிவுக்காகத்தானே பொருத்தம் என்று கேட்கலாம். தமிழில் அது நியாயம். ‘வந்தாள்’ என்று ஒரு சொல் போதும், எழுவாயே வேண்டாம். விகுதியே ஆளைக் காட்டிவிடும். ஆங்கிலமோ எழுவாயை வாசலிலேயே நிறுத்திவிட்டுத்தான் வினையை அழைக்கிறது. ‘ஷி’ என்று சொன்ன பிறகு எஸ் வந்து புதிதாக என்ன சொல்லப்போகிறது? ‘தி ஷீப் ஈட்ஸ்’ என்றால் ஒரு செம்மறியாடு, ‘ஈட்’ என்றால் பல. அங்கே எஸ்ஸுக்கு வேலை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இறந்தகாலத்தில் ‘ஏட்’ என்றதும் அந்த வேலையும் போய்விடுகிறது. ஆடுகள் மேய்ந்துகொண்டுதான் இருந்தன. மலையாளத்தில் அவன், அவள், அவர் எல்லோருக்கும் ‘வந்நு’ ஒன்றே. யார் வந்தார்கள் என்று தெரியாமல் கேரளம் திகைத்து நின்றதாகத் தகவல் இல்லை.

தாய்மொழியாகப் பேசுகிறவர்களுக்கு இது தானாக வரும், நமக்குத்தான் தடுமாற்றம் என்பது அடுத்த வாதம். 1991-இல் கேத்ரின் பாக், கரோல் மில்லர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. ‘தி கீ டு தி கேபினெட்ஸ்’ மாதிரியான தொடர்களைக் கொடுத்து வாக்கியத்தை முடிக்கச் சொன்னார்கள். சாவி ஒன்றுதான், ஆனாலும் பக்கத்தில் நிற்கும் அலமாரிகளைக் கண்டு வினை சில சமயம் பன்மைக்குத் தாவியது. சாவிகள் பலவாகவும் அலமாரி ஒன்றாகவும் இருந்தபோது இந்தத் தாவல் குறைவு. அதாவது சொந்தக்காரர்களும் எண்ணிப் பார்த்துப் பேசுவதில்லை. காதில் கடைசியாக விழுந்ததன் இழுப்பும் அதில் இருக்கிறது.

நாடுகளே இப்படித்தான். கிரிக்கெட் அணி லண்டன் பத்திரிகையில் ‘ஆர்’ ஆகலாம். அணி என்ற சொல் நியூயார்க்கில் பெரும்பாலும் ‘இஸ்’. அமெரிக்க அரசியல் சாசனம் தேசத்துரோகத்தை வரையறுக்கும் இடத்தில் யுனைடெட் ஸ்டேட்ஸை ‘தெம்’ என்று பன்மையில் குறிக்கிறது. அடிமை முறையை ஒழித்த 1865-ஆம் ஆண்டின் 13-ஆவது திருத்தத்திலும் ‘தெயர்’தான். இன்று ‘தி யுனைடெட் ஸ்டேட்ஸ் இஸ்’. பதின்மூன்று மாநிலங்களாகத் தொடங்கியபோது பன்மை, ஐம்பதாகப் பெருகி நிற்கும் இன்று ஒருமை! எண்ணிக்கை ஏற ஏற வினை இறங்கியிருக்கிறது.

நாம் மட்டும் ஒழுங்கா என்றால், இல்லை. ஒற்றை ஆளாக வரும் அதிகாரியை ‘வந்தார்’ என்று பலர்பாலில்தான் வரவேற்கிறோம். பேச்சில் மாடுகள் ‘வந்தன’ என்று யாரும் சொல்வதில்லை, ‘மாடுகள் வந்துச்சு’தான். ஆனால் நம் இலக்கணக்காரர்கள் இதைக் கணக்கென்று சாதிக்கவில்லை. ஆசையோடு ஒரு பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்று சொன்னால் திணை வழுதான், ஆனாலும் போகட்டும் என்று வழுவமைதியில் இடம் கொடுத்தது நன்னூல் மரபு.

அப்படியானால் எஸ்ஸை விட்டுவிடலாமா என்று யாராவது சந்தோஷப்பட்டால், கூடாது. வேலை விண்ணப்பத்தில் ‘ஹி கோ’ என்று எழுதி நார்ஃபோக்கைச் சாட்சிக்கு அழைத்துப் பயனில்லை. சம்பிரதாயத்தை மீறினால் தண்டனை உண்டு. கணக்குத் தப்பினால் கிடைப்பதைவிட அது பெரிதாகவும் இருக்கும். நான் கேட்பது பாடத்தின் தோரணையை மாற்றுவதைத்தான். ‘இது இப்படி, ஏனென்றால் அவர்கள் இப்படிப் பழகிவிட்டார்கள்’ என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் பிள்ளைகள் நிம்மதியாக மனப்பாடம் செய்வார்கள். ‘நன் ஆஃப் தெம்’ என்பதற்குப் பின்னால் வருவது ‘இஸ்’ஸா ‘ஆர்’ரா என்ற கேள்விக்கு இரண்டும் நடக்கும் என்பதுதான் நேர்மையான விடை. ஒரே வட்டத்தைக் கருப்பாக்கச் சொல்லும் ஓ.எம்.ஆர். தாளில் அதை எங்கே குறிப்பது என்பதைத் தேர்வாணையங்கள்தான் சொல்ல வேண்டும்.