எச்சவியல்: சோதனைக்குப் பின் தங்கிவிடும் டேபிள்கள் பற்றி

ஆய்வுக் களம்: ஆக்லாந்தின் பென்ரோஸ். கிரேட் சவுத் ரோட்டை ஒட்டிய தொழிற்பேட்டை. கிடங்குகளுக்கும் பட்டறைகளுக்கும் நடுவே, மாடியில் ஒரு மென்பொருள் அலுவலகம்.
ஆய்வுப் பொருள்: இரவில் தானாக ஓடும் டெஸ்டுகள் டேட்டாபேஸில் உண்டாக்கிவிட்டு, அழிக்காமல் போகும் டேபிள்கள்.

1. வகைப்பாடு

எச்ச டேபிள்கள் மூவகைப்படும். முதலாவது, அநாதை. பெற்ற டெஸ்டையே யாரோ நீக்கியிருப்பார்கள். இரண்டாவது, வம்சாவளி: 'கஸ்டமர்_டெஸ்ட்', 'கஸ்டமர்_டெஸ்ட்_நியூ', 'கஸ்டமர்_டெஸ்ட்_நியூ2'. மூன்றாவது, வேஷதாரி. பார்த்தால் குப்பை, தொட்டால் மாதாந்திர அறிக்கை நின்றுபோகும். மூன்றாவது வகை எங்கோ ஒளிந்திருக்கிறது என்ற அச்சமே முதலிரண்டு வகைகளுக்கும் ஆயுள் காப்பீடு. 'இது யாருடையது?' என்று கேட்டுப் பாருங்கள். அலுவலகமே அவரவர் திரையில் மும்முரமாகிவிடும்.

2. தோற்றக் காரணம்

டெஸ்டுக்கு முன் 'செட்அப்', பின் 'டியர்டவுன்' என்னும் மரபு, கென்ட் பெக் ஸ்மால்டாக் மொழிக்கு எழுதிய எஸ்யூனிட்டில் முளைத்து, அவரும் எரிக் காமாவும் 1997இல் உருவாக்கிய ஜேயூனிட் வழியே உலகெங்கும் பரவியது. துடைக்கும் வேலை கடைசியில். கடைசிவரை போனால்தானே கடைசி வேலை நடக்கும்? பழைய ஜேயூனிட்டில் செட்அப் பாதியில் இடறினால் டியர்டவுனை யாரும் கூப்பிடவே மாட்டார்கள்.

களச் சான்றும் உண்டு. 2014 அக்டோபர் 5, ஞாயிறு அதிகாலை, பென்ரோஸ் துணைமின் நிலையத்தில் கேபிள்கள் தீப்பற்றி, ஆக்லாந்தின் பல பகுதிகள் இருண்டன. அந்நேரம் எந்த சர்வராவது டெஸ்டுக்கு நடுவில் அணைந்திருந்தால், கமிட் ஆன டேபிள் டிஸ்க்கில் பத்திரமாக இருந்திருக்கும். அதைத் துடைக்க வேண்டிய புரோகிராம்தான் மின்சாரத்தோடு போயிருக்கும். எது நடந்தாலும் தரவை விடாமல் காப்பது டேட்டாபேஸின் பெருமை. அந்தப் பெருமையே இங்கு தொல்லை.

3. பிறர் மதமும் மறுப்பும்

'எல்லாவற்றையும் டிரான்ஸாக்‌ஷனுக்குள் வைத்து ரோல்பேக் செய்க' என்பர் ஒரு சாரார். போஸ்ட்கிரஸில் இது செல்லும்; அங்கே புது டேபிளும் ரோல்பேக்கில் மறையும். மைஎஸ்க்யூஎல்லிலோ, டேபிள் உருவாக்கச் சொன்ன கணமே அதுவரை செய்ததெல்லாம் தானாக கமிட் ஆகிவிடும்.

'பெயரின் வாலில் தேதியை ஒட்டினால் மோதாது' என்பர் இன்னொரு சாரார். போஸ்ட்கிரஸ் ஒரு பெயருக்குத் தருவது 63 பைட். மிஞ்சினால் வாலை நறுக்கிவிடும். தேதி இருப்பதோ வாலில். ஆகவே நீளப் பெயர் கொண்ட திங்கட்கிழமை டேபிளும் செவ்வாய்க்கிழமை டேபிளும் ஒரே பெயரோடு வந்து நிற்க, 'ஏற்கெனவே இருக்கிறது' என்று டெஸ்ட் சிவக்கும்.

'கையாலேயே டிராப் செய்வோம்' என்பது மூன்றாம் சாரார் துணிவு. ஃபாரின் கீ குறுக்கே நிற்கும். 'கேஸ்கேட்' சேர்த்தால் வழிவிடும். கூடவே அந்த டேபிளை நம்பியிருந்த வியூக்களும் போய்ச் சேரும். வேஷதாரி வகை பிடிபடுவது அப்போதுதான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர் தவறான சர்வரில் தரவை அழிக்க, சுமார் ஆறு மணி நேரத் தரவு மீளாமல் போனது. அழிக்கும் கை ஜன்னல் மாறினால் அவ்வளவுதான்.

4. துணிபு

குப்பை போடுபவர் செத்தாலும் துடைப்பவர் பிழைத்திருக்க வேண்டும். டெஸ்ட்கன்டெய்னர்ஸ் என்னும் டெஸ்ட் நூலகம் இதை அறிந்தே, ரியூக் என்ற தனிக் காவலாளியை வைத்திருக்கிறது. டெஸ்டின் தொடர்பு அறுந்ததும் மிச்சத்தை அது வாரிக்கொள்ளும். 'டெத் நோட்' மாங்காவில் வரும் மரண தேவனின் பெயர், பொருத்தம்தான். அவ்வளவு வசதி இல்லாதோர், துடைப்பதை முடிவிலிருந்து தொடக்கத்துக்கு மாற்றுக: ஒவ்வொரு இரவும், தனக்கென்று ஒதுக்கிய ஸ்கீமாவை டிராப் செய்துவிட்டே டெஸ்ட் தொடங்கட்டும்.

அந்த ஸ்கீமாவில் இன்றிருக்கும் டேபிள்கள் அனைத்தும் வெள்ளிக்கிழமை டிராப் செய்யப்படும். ஆட்சேபிப்பவரே அந்த டேபிளின் உரிமையாளர் எனக் கொள்ளப்படுவார்.